ஐவரும் போன பின்பு

2023 மார்ச் 31. டல்லஸ் நகரத்து அரங்கம். அந்தப் பருவத்தில் ஆடிய 36 ஆட்டங்களிலும் வென்ற சவுத் கரோலினா பல்கலைக்கழகப் பெண்கள் அணி தேசிய அரையிறுதியில் இறங்கியது. எதிரே அயோவா. கெய்ட்லின் கிளார்க் ஒருவரே 41 புள்ளிகள் எடுக்க, ஆட்டம் 77-73 என்று அயோவா பக்கம் முடிந்தது. சவுத் கரோலினாவுக்கு அந்த வருடத்தின் முதல் தோல்வியே கடைசி ஆட்டமாகவும் போயிற்று. தோல்வியை ஆற்றிக்கொள்ள நேரம் கிடைக்கும் முன்பே அணி கலைந்தது. வழக்கமாகத் தொடக்கத்தில் இறங்கும் ஐந்து பேரும் விடைபெற்றார்கள். அலியா பாஸ்டனைப் பெண்கள் தொழில்முறை லீகான டபிள்யூ.என்.பி.ஏ., கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் தன் வருடாந்தரத் தேர்வில் முதல் ஆளாக எடுத்துக்கொண்டது. அவரோடு சேர்த்து அந்த ஒரே அணியிலிருந்து ஐந்து பேர் அந்த ஆண்டு தேர்வானார்கள்.

அடுத்த பருவம் தொடங்கும் முன் வெளியான கணிப்புப் பட்டியலில் சவுத் கரோலினாவுக்கு ஆறாவது இடம்தான் கிடைத்தது. ஐவரையும் இழந்த அணிக்கு அதுவே அதிகம் என்று நினைத்தவர்களும் உண்டு. 2024 ஏப்ரலில் கிளீவ்லாந்தில் அதே அணி, அதே அயோவாவை, அதே கிளார்க்கை 87-75 என்று வென்று பட்டத்தை எடுத்தது. அந்தப் பருவத்தில் 38 ஆட்டங்கள் ஆடி, 38 வெற்றிகள்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஒவ்வொரு வசந்தமும் ஒரே கேள்வி எழுகிறது: நட்சத்திரங்கள் போன அணிக்குப் பட்டம் வெல்லும் வாய்ப்பு எவ்வளவு மிச்சம்? கிரிக்கெட்டிலோ கால்பந்திலோ ஒரு பெரிய ஆட்டக்காரர் பத்து வருடம் ஒரே அணிக்கு ஆடலாம். கல்லூரியில் அது நடக்காது. நான்கு வருடப் படிப்பு முடிந்தால் போக வேண்டும். அதற்கு முன்பே தொழில்முறை லீக் அழைத்துக்கொண்டும் போகலாம். இழப்பு இங்கே விபத்தல்ல, நாட்காட்டியிலேயே இருக்கிறது. ஆனாலும் சில அணிகள் அந்த இழப்பிலிருந்து எழுந்து மறு வருடமே பட்டம் எடுக்கின்றன. சில அணிகளுக்குத் தேசியப் போட்டிக்கான அழைப்பே வருவதில்லை. அறுபது வருட வரலாற்றைப் புரட்டினால் இந்த வித்தியாசத்துக்குக் காரணம் ஓரளவு தெளிவாகவே தெரிகிறது. எத்தனை பேர் போனார்கள் என்ற கணக்கில் அது இல்லை. போனவர்களின் வேலையை ஏற்கெனவே பாதி செய்து பழகியவர்கள் பெஞ்சில் இருந்தார்களா, முக்கியமாகப் பந்தைக் கொண்டுசெல்லும் கை அணிக்குள் மிஞ்சியதா என்பதில்தான் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஆண்கள், பெண்கள் இரு பிரிவிலும், கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. நடத்தும் தேசியப் போட்டிக்கு இப்போது 68 அணிகள் வருகின்றன. ஒரு தோல்வி, உடனே வெளியேற்றம். முன்னணி அணி ஒன்று பட்டம் பெற தொடர்ந்து ஆறு ஆட்டங்களில் வெல்ல வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் 100க்கு 80 வெற்றி வாய்ப்புள்ள வலுவான அணி என்று வைத்துக்கொண்டால்கூட, ஆறையும் வெல்லும் வாய்ப்பு 26தான். நட்சத்திரம் ஒருவர் போனதால் அந்த 80 என்பது 70 ஆகிவிட்டால் பட்ட வாய்ப்பு 12க்கும் கீழே இறங்கிவிடும். ஒற்றை ஆட்டத்தில் ரசிகர் கண்ணுக்குத் தெரியாத சிறு பலவீனம், ஆறு ஆட்டங்களில் பெருகிப் பாதி வாய்ப்பைத் தின்றுவிடுகிறது. நட்சத்திரம் போன அணி பருவம் முழுக்க நன்றாக ஆடிவிட்டு மார்ச் மாதத்தில் தடுக்கி விழுவதைப் பார்க்கும்போது இந்தப் பெருக்கலை நினைவில் வைப்பது நல்லது.

நட்சத்திர இழப்பைக் கையாள்வதில் முதல் பாடசாலை பயிற்சியாளர் ஜான் வுடனின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணி. 1964 முதல் 1975 வரை 12 வருடங்களில் 10 பட்டங்கள். அந்தக் காலத்தில் முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆட முடியாது. 1972இல்தான் அந்தத் தடை நீங்கியது. பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகம் அறிந்த லூ ஆல்சிண்டர், 1965-66 பருவத்தில் தன் கல்லூரியின் முதலாண்டு அணியில்தான் இருந்தார். அந்த முதலாண்டுப் பையன்கள், நடப்புச் சாம்பியனான சொந்த மூத்த அணியையே பயிற்சி ஆட்டத்தில் 75-60 என்று தோற்கடித்தார்கள். மூத்த அணிக்கு அந்த வருடம் தேசியப் போட்டியில் இடம்கூடக் கிடைக்கவில்லை. 12 வருடங்களில் பட்டம் தவறிய இரண்டு வருடங்களில் அது ஒன்று.

ஆல்சிண்டர் பிரதான அணிக்கு வந்து மூன்று பட்டங்கள் வென்றுவிட்டு 1969இல் போனார். ஏழடிக்கு மேல் நின்று எதிரணியின் கூடையையே மறைத்த ஆள். அவர் இல்லாமல் யு.சி.எல்.ஏ. என்ன செய்யும் என்று எல்லாரும் கேட்டார்கள். 1970 இறுதியாட்டத்தில் எதிரணியான ஜாக்சன்வில்லில் ஏழடி இரண்டங்குல ஆர்டிஸ் கில்மோர் இருந்தார், யு.சி.எல்.ஏ.வில் ஆல்சிண்டர் இல்லை. ஆனால் ஆல்சிண்டருக்குப் பின்னால் காத்திருந்த ஸ்டீவ் பேட்டர்சனும், முந்தைய வருடம் பெஞ்சிலிருந்து வந்த சிட்னி விக்ஸும் இருந்தார்கள். ஆறடி எட்டங்குல விக்ஸ், கில்மோரின் வீச்சுகளைத் தடுத்துத் தள்ளினார். 80-69. மறு வருடப் பட்டமும் அவர்களுக்கே; அந்த இறுதியாட்டத்தில் 29 புள்ளிகள் எடுத்தவர் ஒரு காலத்து மாற்று ஆட்டக்காரர் பேட்டர்சன். பில் வால்டன் போன பிறகும் 1975இல் வுடன் இதையே செய்து காட்டினார். ஒரு மாபெரும் மைய ஆட்டக்காரர் போவது பெரிய இழப்புதான். ஆனால் அவர் இடத்தை இரண்டு மூன்று பேர் பகிர்ந்துகொள்ள முடியும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

பந்தைக் கொண்டுசெல்பவர் போவது வேறு கதை. 1979 இறுதியாட்டம் மேஜிக் ஜான்சனின் மிச்சிகன் ஸ்டேட்டுக்கும் லாரி பேர்டின் இந்தியானா ஸ்டேட்டுக்கும் நடந்தது. 75-64 என்று மிச்சிகன் ஸ்டேட் வென்றது. இருவரும் ஆண்கள் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வுக்குப் போனார்கள். மறு பருவத்தில் இந்தியானா ஸ்டேட் 16 வென்று 11 தோற்றது. பட்டம் வென்ற மிச்சிகன் ஸ்டேட் இன்னும் மோசம்: 12 வெற்றி, 15 தோல்வி. மேஜிக் அந்த அணியின் உயரமான ஆள், ரீபவுண்ட் எடுப்பவர், பந்தைக் கொண்டுசெல்பவர் எல்லாமே. ஒரே ஆள் மூன்று வேலை பார்த்தால், அவர் போகும்போது மூன்று நாற்காலிகள் ஒன்றாகக் காலியாகின்றன.

கென்டக்கியின் 1996-98 வரலாறு இந்தக் கேள்விக்குக் கிடைத்த ஆகச் சிறந்த பரிசோதனை. 1996இல் ரிக் பிட்டினோவின் அணி பட்டம் வென்றது. டோனி டெல்க், ஆன்டோயின் வாக்கர், வால்டர் மெக்கார்டி, மார்க் போப் என நான்கு பேரை என்.பி.ஏ. எடுத்துக்கொண்டது. அடுத்த வருடம் நடுவில் டெரெக் ஆண்டர்சனுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. இவ்வளவுக்குப் பிறகும் அணி இறுதியாட்டத்துக்குப் போய், கூடுதல் நேரத்தில் அரிசோனாவிடம் 84-79 என்று தோற்றது. பிறகு ஆண்டர்சனும் ரான் மெர்சரும் போனார்கள். பயிற்சியாளர் பிட்டினோவே பாஸ்டன் செல்டிக்ஸுக்குப் போய்விட்டார்.

ஆக 1997 இலையுதிர்காலத்தில் புதிய பயிற்சியாளர் டப்பி ஸ்மித் கையில் கிடைத்தது, இரண்டு வருடங்களாகத் தோல் உரிக்கப்பட்ட மரம். ஆனால் வேர் இருந்தது. பந்தைக் கொண்டுசெல்லும் வேய்ன் டர்னர் இருந்தார். முந்தைய பருவம் முழுவதும் ஆடாமல் ஒரு வருடத் தகுதியை மிச்சம் வைத்துக் காத்திருந்த ஜெஃப் ஷெப்பர்ட் இருந்தார். 1998 மண்டல இறுதியில் டியூக் 17 புள்ளிகள் முன்னே போனது. கென்டக்கி திரும்பி வந்து 86-84 என்று வென்றது. அரையிறுதியில் ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராகக் கூடுதல் நேரம். ஷெப்பர்ட் 27 புள்ளிகள். இறுதியாட்டத்தில் யூட்டாவிடம் இடைவேளையில் 10 புள்ளிகள் பின்தங்கியிருந்து 78-69 என்று முடித்தார்கள். போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் ஷெப்பர்ட். அந்த அணியில் 1996 நட்சத்திரங்களுக்கு நிகரான ஒரு பெயரும் இல்லை. எதிரணி எவ்வளவு முன்னே போனாலும் பதறாத பழக்கம் மட்டும் இருந்தது. அந்தப் பழக்கம் இரண்டு இறுதியாட்டங்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு வந்தது.

புளோரிடா இதற்கு நேர் எதிர்த்திசையில் போனது. அதையும் மரியாதையோடுதான் சொல்ல வேண்டும். 2006இல் பட்டம் வென்ற பிறகு ஜோகிம் நோவா, அல் ஹார்ஃபோர்டு, கோரி ப்ரூவர் மூவரும் கோடிக்கணக்கான பணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு, டாரியன் கிரீனோடு இன்னொரு வருடம் சேர்ந்து ஆடத் திரும்பினார்கள். லீ ஹம்ஃப்ரியும் உடன். அதே ஐவர் 2007இலும் பட்டம் வென்றார்கள். கல்லூரி விளையாட்டில் அப்படி ஒரு நட்பு அபூர்வம். அதற்கான விலையை 2008இல் கொடுக்க வேண்டி வந்தது. ஐவரும் ஒரே நேரத்தில் போனார்கள். ஹார்ஃபோர்டு, ப்ரூவர், நோவா மூவரும் தேர்வின் முதல் ஒன்பது இடங்களுக்குள். எல்லா முக்கிய நிமிடங்களையும் அந்த ஐவரே இரண்டு வருடம் ஆடியிருந்ததால், நெருக்கடியில் பழகிய கைகள் பின்னால் அதிகம் இல்லை. இரட்டைச் சாம்பியனுக்கு 2008இல் தேசியப் போட்டி அழைப்பு வரவில்லை. இரண்டாம் நிலைப் போட்டியான என்.ஐ.டி.யில் ஆடினார்கள்.

நார்த் கரோலினாவும் 2009 பட்டத்துக்குப் பிறகு டைலர் ஹான்ஸ்ப்ரோ, டை லாசன், வெய்ன் எலிங்டன், டேனி கிரீன் நால்வரையும் இழந்து 2010இல் அதே என்.ஐ.டி.க்குப் போனது. கென்டக்கி 2012இல் பட்டம் வென்று ஆறு பேரை என்.பி.ஏ.வுக்கு அனுப்பியது, முதல் இரண்டு தேர்வுகளான ஆந்தனி டேவிஸும் மைக்கேல் கிட் கில்கிறிஸ்டும் அதில் அடக்கம். அடுத்த வருடம் அவர்கள் நம்பியிருந்த நெர்லன்ஸ் நோயல் பிப்ரவரியில் முழங்கால் காயத்தில் வீழ்ந்தார். என்.ஐ.டி.யின் முதல் சுற்றிலேயே ராபர்ட் மோரிஸ் என்ற சின்னக் கல்லூரியிடம் 59-57 என்று தோல்வி.

கென்டக்கியின் அந்த வீழ்ச்சிக்குப் பின்னால் ஒரு சட்டமும் இருக்கிறது. 2006 தேர்விலிருந்து என்.பி.ஏ.வுக்குள் நுழைய அமெரிக்க மாணவருக்கு 19 வயதும், பள்ளி முடித்து ஒரு வருடமும் ஆகியிருக்க வேண்டும். எனவே மிகத் திறமையான பையன்கள் ஒரே ஒரு வருடம் கல்லூரியில் தங்கிவிட்டுப் போகிறார்கள். பயிற்சியாளர் ஒவ்வொரு கோடையிலும் புதிய வீடு கட்ட வேண்டும். டபிள்யூ.என்.பி.ஏ.விலோ பொதுவாக 22 வயதாக வேண்டும் அல்லது படிப்பு முடிய வேண்டும். அதனால் பெண்கள் அணிப் பயிற்சியாளருக்கு எந்த வருடம் யார் போவார் என்பது முன்கூட்டியே தெரிகிறது. அடுத்த ஆளைத் தயார்செய்ய மூன்று வருடம் கிடைக்கிறது. பெண்கள் பிரிவில் நட்சத்திர இழப்புக்குப் பின் எழுந்த அணிகள் அதிகம் தென்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மாவின் கனெக்டிகட் பெண்கள் அணியைப் பாருங்கள். 2002இல் 39-0 என்று பட்டம். சூ பேர்ட் உட்பட நான்கு மூத்த வீராங்கனைகள் தேர்வின் முதல் ஆறு இடங்களில் போனார்கள். தொடக்க ஐவரில் மிஞ்சியவர் டயானா டவ்ராசி ஒருவரே. சூ பேர்ட்தான் பந்தைக் கொண்டுசென்றவர். முன்னே சொன்ன விதிப்படி அந்த அணி சரிந்திருக்க வேண்டும். சரியவில்லை. 37 வெற்றி, ஒரே ஒரு தோல்வி, இறுதியில் டென்னஸியை 73-68 என்று வென்று மீண்டும் பட்டம். சூ பேர்டின் பக்கத்திலேயே ஆடியிருந்த டவ்ராசி ஆட்டத்தின் கடிவாளத்தைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார்.

அதே அணியின் 2017 கதை மனதைப் பிசைவது. பிரியானா ஸ்டூவர்ட், மொரையா ஜெஃபர்சன், மார்கன் டக் மூவரும் 2016 தேர்வின் முதல் மூன்று இடங்கள். அவர்கள் போன பிறகும் 2017 அணி 36 ஆட்டங்களை வரிசையாக வென்றது. முந்தைய பருவங்களோடு சேர்த்துத் தொடர் வெற்றிகள் 111. அரையிறுதியில் எதிரே மிசிசிப்பி ஸ்டேட். முந்தைய வருடம் இதே கனெக்டிகட்டிடம் 98-38 என்று 60 புள்ளி வித்தியாசத்தில் நொறுங்கிய அணி. கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் ஐந்தடி ஐந்தங்குல மார்கன் வில்லியம் வீசிய பந்து கூடைக்குள் இறங்கியது. 66-64. நட்சத்திரங்கள் இருந்திருந்தால் அந்த ஆட்டம் கடைசி நொடிவரை போயிருக்குமா என்பது கேள்வி. ஆறு ஆட்டப் பெருக்கல் கணக்கு இப்படித்தான் வேலை செய்கிறது.

பருவத்தின் நடுவில், அதுவும் மார்ச்சை ஒட்டி வரும் காயம் இன்னும் கொடியது. தயாராக அவகாசமே இல்லை. 2000இல் சின்சினாட்டி நாட்டின் முதலிட அணி. தேசியப் போட்டிக்குச் சில நாட்கள் முன்பு கென்யன் மார்ட்டினின் கால் எலும்பு முறிந்தது. போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழு அந்த அணியின் தரவரிசையையே இறக்கியது. இரண்டாம் சுற்றில் டல்சாவிடம் தோற்று வீடு திரும்பினார்கள். 2012இல் நார்த் கரோலினாவின் பந்தைக் கொண்டுசெல்லும் பாயிண்ட் கார்டு கெண்டல் மார்ஷலுக்கு மணிக்கட்டு உடைந்ததும், அதற்குப் பிந்தைய இரண்டாவது ஆட்டத்திலேயே அந்த அணியின் பயணம் முடிந்தது.

டியூக் 2001 மட்டும் வேறு வழி கண்டது. பிப்ரவரி இறுதியில் மேரிலாந்திடம் தோற்ற ஆட்டத்தில் மைய ஆட்டக்காரர் கார்லோஸ் பூசரின் பாதம் உடைந்தது. பயிற்சியாளர் மைக் சஷெவ்ஸ்கி அவர் இடத்தை அப்படியே நிரப்ப முயலவில்லை. முதலாண்டு கிறிஸ் டூஹானை ஐவரில் சேர்த்து, ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டி, மூன்று புள்ளி வீச்சுகளை நம்பினார். பந்து ஜேசன் வில்லியம்ஸ் கையில் பத்திரமாக இருந்தது. அடுத்த 10 ஆட்டங்களிலும் வெற்றி, பட்டம். மைய ஆட்டக்காரர் போனால் ஆட்டமுறையை மாற்றலாம். பந்தை வைத்திருப்பவர் போனால் எந்த முறையை மாற்றுவது?

எல்லாரும் திரும்பி வந்தால் பட்டம் உறுதி என்றும் இல்லை. 2022 இறுதியாட்டத்தில் தோற்ற நார்த் கரோலினாவின் ஐவரில் நால்வர் திரும்பினார்கள். பருவத்துக்கு முந்தைய கணிப்பில் முதலிடம். அந்த அணி 2023 தேசியப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. 1985இல் போட்டி 64 அணிகளாக விரிந்த பிறகு முதலிடக் கணிப்புப் பெற்ற அணி ஒன்று இப்படி வெளியே நின்றது அதுவே முதல் முறை. போன ஒரே ஆள் பிராடி மேனெக். நட்சத்திரம் என்று யாரும் அவரைக் கொண்டாடியதில்லை. தூரத்திலிருந்து நன்றாக எறிவார். அதனால் எதிரணித் தடுப்பாளர் அவரை விட்டு நகர முடியாது. அதனால் மற்ற நால்வருக்கும் உள்ளே இடம் கிடைத்தது. நட்சத்திரப் பட்டியலைப் பார்த்துக் கணிப்பவர்கள் தவறவிடுவது இப்படிப்பட்ட ஆட்களைத்தான்.

கனெக்டிகட் ஆண்கள் அணி, ஒரே பயிற்சியாளரின் கீழ் அடுத்தடுத்த இரண்டு வருடங்களில் இரண்டு முடிவுகளையும் காட்டியது. 2023 பட்டத்துக்குப் பிறகு அடாமா சனோகோ, ஜோர்டன் ஹாக்கின்ஸ், ஆண்ட்ரே ஜாக்சன் மூவரும் போனார்கள். ஆனால் டிரிஸ்டன் நியூட்டன் மிஞ்சினார். சனோகோவின் நிழலில் ஆட்டத்துக்குச் சுமார் 13 நிமிடம் ஆடிப் பழகிய ஏழடி டொனோவன் கிளிங்கன் தயாராக இருந்தார். ரட்கர்ஸிலிருந்து கேம் ஸ்பென்சர் வந்து சேர்ந்தார். 2024இல் 37-3 என்று மீண்டும் பட்டம். இரண்டு வருடத் தேசியப் போட்டிகளின் 12 ஆட்டங்களிலும் வித்தியாசம் பத்துப் புள்ளிக்குக் குறையவில்லை. அடுத்த கோடையில் நியூட்டன், ஸ்பென்சர், கிளிங்கன், ஸ்டீஃபன் கேஸில் நால்வரும் போனார்கள். ஐவரில் அலெக்ஸ் கரபான் மட்டும் நின்றார். நவம்பரில் மௌவி தீவில் மூன்று நாளில் மூன்று தோல்விகள். மார்ச்சில் எட்டாம் நிலை அணியாக நுழைந்து, இரண்டாம் சுற்றில் புளோரிடாவிடம் 77-75 என்று போராடித் தோற்றார்கள். முதல் வருடம் மூவர், இரண்டாம் வருடம் நால்வர். எண்ணிக்கையில் வித்தியாசம் ஒன்றுதான். நியூட்டனின் கைதான் பெரிய வித்தியாசம்.

இனி சவுத் கரோலினாவுக்குத் திரும்பலாம். 2023இல் பாஸ்டனுக்குப் பின்னால் பெஞ்சில் இருந்தவர் பிரேசிலின் கமிலா கார்டோசோ, ஆறடி ஏழங்குலம். வேறு எந்தக் கல்லூரியிலும் அவர் முதல் ஐவரில் இருந்திருப்பார். ரேவன் ஜான்சனும் பெஞ்சிலிருந்து வந்தே பந்தைக் கொண்டுசென்றார். டல்லஸ் அரையிறுதியில் கிளார்க், ஜான்சன் எறிய மாட்டார் என்று கையசைத்து அவரைக் காவலின்றி விட்டது உலகம் பார்த்த காட்சி. அந்த அவமானம் அவரை வருடம் முழுக்க ஜிம்முக்குத் துரத்தியது. 2024 இறுதியாட்டத்தில் இடைவேளைக்குச் சற்று முன் கிளார்க்கின் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்து ஓடிப்போய்க் கூடையில் போட்டவர் அவரே. கார்டோசோ 15 புள்ளிகள், 17 ரீபவுண்ட். அயோவாவின் மாற்று ஆட்டக்காரர்கள் ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. சவுத் கரோலினா பெஞ்ச் 37 எடுத்தது. பயிற்சியாளர் டான் ஸ்டேலி பல வருடங்களாகப் பத்துப் பேருக்கும் நிமிடங்களைப் பங்கிட்டுக் கொடுத்ததன் பலன் அந்த 37.

இந்த முறை இனியும் செல்லுபடியாகுமா? 2021இலிருந்து மாணவர் கல்லூரி மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டிய கட்டாயம் தளர்ந்தது. அதே ஆண்டு ஜூலையிலிருந்து தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கவும் அனுமதி கிடைத்தது. 2025இலிருந்து கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கின்றன. இழந்த நட்சத்திரத்துக்குப் பதில் ஆளை வெளியிலிருந்து கொண்டுவருவது எளிதாகிவிட்டது. 2025இல் பட்டம் வென்ற புளோரிடாவின் வால்டர் கிளேட்டன் அயோனாவிலிருந்து வந்தவர்; வில் ரிச்சர்ட் பெல்மான்ட், அலிஜா மார்ட்டின் புளோரிடா அட்லாண்டிக். 1996இல் ஆடிய அதே மார்க் போப், 2024இல் கென்டக்கியின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றபோது அணி கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது; வேறு கல்லூரிகளிலிருந்து வந்தவர்களைப் பெரிதும் நம்பி அணி கட்டி, தேசியப் போட்டியின் கடைசி 16 அணிகளுக்குள் கொண்டுபோனார்.

ஆனால் வெளியிலிருந்து வருவது எளிது என்றால் உள்ளிருந்து போவதும் எளிது. ஜெஃப் ஷெப்பர்ட் ஒரு வருடம் ஆடாமல் காத்திருந்தார், கார்டோசோ பாஸ்டனுக்குப் பின்னால் இரண்டு வருடம் காத்திருந்தார். சவுத் கரோலினாவின் தலைநகர் கொலம்பியாவிலேயே பிறந்து வளர்ந்த மிலேசியா ஃபுல்வைலி, அந்த 37 புள்ளி பெஞ்சின் மிகத் துடிப்பான ஆட்டக்காரர்களில் ஒருவர். இரண்டு வருடம் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து வந்து ஆடினார். 2025இல் இறுதியாட்டத்தில் கனெக்டிகட்டிடம் 82-59 என்று தோற்ற பிறகு, மூத்தவர்கள் போய் இடம் காலியாகும் நேரத்தில், அவர் அதே கூட்டமைப்பின் எதிரணியான எல்.எஸ்.யு. பல்கலைக்கழகத்துக்கு மாறினார். புளோரிடா ஸ்டேட்டிலிருந்து, முந்தைய பருவத்தில் நாட்டிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்திருந்த டா நியா லாட்சன் சவுத் கரோலினாவுக்கு வந்தார். பள்ளியில் அவரோடு ஒரே அணியில் ஆடிய ரேவன் ஜான்சன், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வருடத்துக்காக அங்கேயே நின்றார்.